பொறியியல் வளாகத்தில் வணிகப் பட்டம்: ஹட்டன் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கை ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் வணிகப் பிரிவில் உயர்தரம் எழுதி, கணக்கீட்டில் ஏ, மற்ற இரண்டு பாடங்களிலும் பி எடுத்திருக்கிறாள். பொறியியலுக்குப் பெயர்போன, அளவில் சிறிய ஒரு பல்கலைக்கழகத்தின் வணிகப் பட்டத்தில் அவளுக்கு ஆசை. வீட்டில் தயக்கம். "இஞ்சினியர் பிள்ளைகளுக்கு நடுவே என் தங்கை வேண்டாத விருந்தாளியாக இருப்பாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னும் இரண்டு ஒளிந்திருக்கின்றன. வேலை கிடைக்குமா என்பது ஒன்று. உயர்தரத்துக் கணிதப் பிரிவின் பாடமான இணைந்த கணிதம் படிக்காத பிள்ளை அங்கே தாக்குப்பிடிப்பாளா என்பது மற்றது. பல்கலைக்கழகத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. நானும் ஊகிக்கப் போவதில்லை.

நான் யார் என்று தெரிந்தால்தான் என் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியும். பதினொரு வருடம் மலையகப் பாடசாலைகளில் கணக்கீடு கற்பித்தேன். பிறகு பதினாறு வருடம், பொறியியல் பீடமே ராஜாவாக இருந்த ஒரு சிறிய நிறுவனத்தின் வணிகத் துறையில் விரிவுரையாளர். இப்போது ஓய்வுபெற்று பண்டாரவளையில் இருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்தது அந்த ஒரே இடத்தைத்தான். மற்ற இடங்களை வினாத்தாள் திருத்தப் போனபோதும், அங்கே படித்துவிட்டு வந்த பிள்ளைகளின் வாயாலும் அறிந்ததோடு சரி.

நேராக விடயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட இடத்தில் வணிகப் பட்டம் நல்லதா கெட்டதா என்பதை ஒரு கதவு தீர்மானிக்கிறது. வணிகத் துறைக்கும் பொறியியல் பீடத்துக்கும் நடுவே உள்ள கதவைச் சொல்கிறேன். அது திறந்திருந்தால், பெரிய முகாமைத்துவ பீடங்களில் கிடைக்காத ஒன்று தங்கைக்குக் கிடைக்கும். மூடியிருந்தால், வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை இன்னொருவருடையது. அதன் நிழலில் நான்கு வருடம் நின்றுவிட்டு வருவாள். தரவரிசை, கட்டடம், மாணவர் சங்கம் எல்லாவற்றையும் இதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

அந்தக் கதவுக்குள் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் இடத்தில் மூன்றாம் வருடத்தில் வியாழக்கிழமைப் பிற்பகல் முழுவதும் கூட்டுச் செயற்றிட்டத்துக்கு ஒதுக்கியிருந்தது. மூன்று பொறியியல் மாணவர்கள், இரண்டு வணிக மாணவர்கள், ஒரு குழு. ஒரு வருடம் ஒரு குழுவைத் தேயிலைத் தொழிற்சாலையொன்றுக்கு அனுப்பினோம். மின்கட்டணம் கூடிக்கொண்டே போகிறது என்பது தொழிற்சாலையின் முறைப்பாடு. பறித்த கொழுந்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியும். மாலையில் தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து பெரிய மின்விசிறிகளால் காற்றுச் செலுத்தி இரவெல்லாம் வாட்டினால்தான் மறுநாள் அரைக்க முடியும். பொறியியல் பையன்கள் விசிறியைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி பொருத்த வேண்டும். கணக்கும் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

குழுவில் தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், வணிக மாணவி. அவள் விசிறியைப் பார்க்கவில்லை. அலுவலகத்துக்குப் போய் ஒரு வருட மின்பட்டியல்களைக் கேட்டு வாங்கினாள். தொழிற்சாலைகளுக்கு வரும் பட்டியலில் மின்சார சபை ஒரு நாளை மூன்றாகப் பிரித்துக் கட்டணம் போடுகிறது: பகல், மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையான உச்ச நேரம், அதன்பின் விடியும்வரை மலிவான நேரம். அந்த நான்கு மணி நேரத்து அலகுகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. விசிறியைப் பத்தரைக்குப் பிறகு போட்டால் என்ன என்று தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கரிடம் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, காற்றில்லாமல் குவிந்து கிடக்கும் கொழுந்துக்குள் அவளுடைய கையை வைக்கச் சொன்னாராம். சூடு. அப்படியே விட்டால் கொழுந்து கருகிப்போகும். சரி, அந்த நேரத்தில் வேறு என்ன ஓடுகிறது என்று அடுத்ததாகக் கேட்டாள். தேயிலை சலிக்கும் இயந்திரங்கள் இரவு எட்டு மணிவரை ஓடிக்கொண்டிருந்தன. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை, பல வருடப் பழக்கம். அந்த வேலையைக் காலைக்கு மாற்ற ஒரு சதமும் செலவில்லை. பையன்களின் கருவி வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. ஆனால் அது போட்ட பணத்தை எத்தனை வருடத்தில் திருப்பித் தரும் என்ற கணக்கை அவள்தான் அவர்களுக்குப் போட்டுக் கொடுத்தாள்.

அந்த ஒரு பிற்பகலில் ஐந்து பேருமே கற்றுக்கொண்டதை என் விரிவுரையில் ஒரு தவணை முழுவதும் கத்தினாலும் கொடுத்திருக்க முடியாது. அடுத்த இரண்டு வருடம் அந்தக் கூட்டுச் செயற்றிட்டம் நடக்கவில்லை. இரண்டு பீடங்களின் நேரசூசிகளும் பொருந்தவில்லை என்று காரணம் சொன்னார்கள். அந்த இரண்டு வருடப் பிள்ளைகளும் அதே பட்டத்தைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். சான்றிதழைப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் கையேட்டில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், நேரசூசியைப் பாருங்கள் என்கிறேன்.

பொறியியல் நிறுவனத்துக்குள் வணிகம் எப்படி வந்தது என்று தெரிந்தால் பாடத்திட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்பதும் விளங்கும். பெரும்பாலும் பொறியியலாளருக்குக் கொஞ்சம் நிர்வாகம் கற்பிக்கவே அந்தத் துறை பிறக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1914 இல் பொறியியல் நிர்வாகம் என்ற பாடநெறியைத் தொடங்கியது. இன்றைய ஸ்லோன் முகாமைத்துவப் பள்ளி வளர்ந்தது அதிலிருந்துதான். நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் மாணவருக்கு முகாமைத்துவம் கற்பித்த துறைதான் முதலில் இருந்தது, வணிக பீடம் பின்னால் வந்தது. ஆகவே இத்தகைய பட்டங்களில் உற்பத்தி முகாமைத்துவம், விநியோகச் சங்கிலி, தரவுப் பகுப்பாய்வு, தரக் கட்டுப்பாடு ஆகியவை கனமாக இருக்கும். சந்தைப்படுத்தலும் வணிகச் சட்டமும் பெரும்பாலும் மெலிந்திருக்கும். மலையகத்துப் பிள்ளைக்கு இது ஒரு வாய்ப்பு என்றே நினைக்கிறேன். தோட்டத்தில் நிறுவை, தொழிற்சாலை, லொறி, கொழும்பு ஏலம் என்று ஒரு முழு விநியோகச் சங்கிலியைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் அவள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ கொழுந்து வேண்டும் என்பதைப் புத்தகத்தில் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. இந்த அறிவு எவ்வளவு பெறுமதியானது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை, தோட்டத்து லயத்திலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து வந்ததைச் சொல்லவே கூசுகிறார்கள். அது வேறு கதை.

கணிதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பயம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. முதல் வருடத்தில் புள்ளிவிபரவியலும் ஓரளவு நுண்கணிதமும் வரும் என்று எதிர்பாருங்கள். வணிகப் பிரிவுப் பிள்ளைகள் சாதாரணதரக் கணிதத்தோடு வருவார்கள். பக்கத்தில் இருப்பவன் வகையிடலையும் தொகையிடலையும் இரண்டு வருடம் கரைத்துக் குடித்தவன். எல்லோரையும் ஒரே மண்டபத்தில் ஒரே வினாத்தாளுக்கு உட்கார வைக்கும் இடங்கள் உண்டு. அப்படியானால் முதல் தவணை கொடுமையாக இருக்கும். வணிக மாணவர்களுக்குத் தனிப் பாடமோ, தொடக்கத்தில் ஓர் ஆயத்த வகுப்போ இருந்தால் பயமில்லை. எது நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஏகபரிமாண நிகழ்ச்சித்திட்டமிடல் என்று கரும்பலகையில் எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்ட பிள்ளை ஒருத்தி இருந்தாள். பிறகு இரண்டு அளவுத் தேயிலைப் பொதிகள், ஒரு பொதியிடும் இயந்திரம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், எதை எத்தனை பொதி போட்டால் இலாபம் கூடும் என்று கேட்டு, கோடு கீறி, நிழற்றிய பகுதியின் மூலைகளைப் பார்க்கச் சொன்னேன். "சேர், இது சாதாரணதரத்துச் சமனிலி வரைபுதானே" என்றாள். அதுதான். தங்கையைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரு பழைய சாதாரணதரக் கணித வினாத்தாளைக் கொடுத்து, மூன்று மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். சமன்பாடு, வரைபு, மடக்கை, நிகழ்தகவு ஆகிய நான்கிலும் தடுமாறாவிட்டால் மிச்சத்தை அங்கே பிடித்துக்கொள்வாள். தடுமாறினாலும் காலம் இருக்கிறது. இந்த நாட்டில் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக வாசலுக்கும் நடுவே கிடக்கும் மாதங்களைச் சும்மா சபித்துக்கொண்டிருப்பதைவிட அதற்குப் பயன்படுத்தலாம்.

கணிதத்தைவிட எனக்குக் கவலை தருவது ஆங்கிலம். இத்தகைய பட்டங்கள் அநேகமாக ஆங்கில மொழிமூலம். கணக்கீட்டில் ஏ எடுத்த தமிழ்மொழிமூலப் பிள்ளைகள் கணக்கில் தோற்று நான் பார்த்ததில்லை. கேள்வியைப் பிழையாக விளங்கிக்கொண்டு தோற்றிருக்கிறார்கள். தங்கை இப்போதே தன் கணக்கீட்டுப் பாடத்தை ஆங்கிலப் புத்தகமொன்றில் மறுபடி படிக்கட்டும். தெரிந்த விடயத்தைத் தெரியாத மொழியில் படிப்பது, இரண்டும் தெரியாமல் தவிப்பதைவிட எவ்வளவோ மேல்.

அளவில் சிறியது என்பதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நாற்பது பேர் வகுப்பில் யார் வரவில்லை என்று எனக்குத் தெரியும், ஏன் வரவில்லை என்றும் தெரியும். தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு இது பெரிய பாதுகாப்பு. மறுபுறம், நிதிக்கு ஒருவர், சந்தைப்படுத்தலுக்கு ஒருவர் என்று ஓடும் துறையில் ஒருவர் போனால் பாடமே போய்விடும். எங்கள் சந்தைப்படுத்தல் விரிவுரையாளர் மேற்படிப்புக்குப் போன பிறகு இரண்டு தவணைகள் சனிக்கிழமை மட்டும் வெளியாள் ஒருவர் வந்து போனார். பிள்ளைகள் குறிப்பை மனப்பாடம் செய்து எழுதினார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை விரிவுரையாளர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பது ஊரறிந்த கதை. ஆகவே இன்றைக்கு அங்கே நிரந்தரமாக இருப்பவர்கள் எத்தனை பேர், விடுமுறையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலை பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பொறியியல் வளாகத்துக்கு ஆள் தேடி வரும் நிறுவனங்கள் முதலில் பொறியியலாளரைத் தேடித்தான் வருகின்றன. அந்த நாளில் வணிக மாணவருக்கும் நாற்காலி போடுகிறார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். கடைசி மூன்று தொகுதி வணிக மாணவர்கள் பயிற்சிக்கு எங்கெங்கே போனார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். அந்தப் பட்டியல் ஒரு துறையிடம் இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான். என் பழைய மாணவர்களில் ஆடைத் தொழிற்சாலை, கப்பல் சரக்கு, மென்பொருள் நிறுவனம் என்று போனவர்களுக்கு இந்தப் படிப்பு நன்றாகக் கைகொடுத்தது. வங்கிக்குப் போனவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமென்றாலும் ஒன்றாகத்தான் இருந்தது என்பது என் எண்ணம். அதை ஒரு கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு மனதில் இருப்பது பட்டயக் கணக்காளர் ஆவதுதான் என்றால் என் பதில் வேறு. கணக்கீட்டில் ஏ என்பதால் கேட்கிறேன். அப்படியானால் கணக்கீட்டுத் துறை பலமாக உள்ள பெரிய முகாமைத்துவ பீடத்தை முதலில் போடட்டும். பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளுக்குப் பட்டம் இல்லாமலே பதியலாம் என்பதையும் மறக்க வேண்டாம். "கணக்குப் படித்தால் கணக்கப்பிள்ளைதானே" என்று அப்பா சொல்லியிருந்தால், இந்த வழியில் போனவர்களை அவருக்குக் காட்டுங்கள்.

விண்ணப்பத்தில் பலர் வீணாகக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அரச பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். அவளது இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திப் போடும் புள்ளி, எட்டக்கூடியவற்றில் வரிசையில் மேலே இருப்பதுதான் கிடைக்கும். ஆகவே எட்டாது என்று நினைப்பதை மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. பயத்தின் வரிசையில் எழுதாமல் ஆசையின் வரிசையில் எழுதச் சொல்லுங்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். மாவட்ட அடிப்படையில் ஆளெடுக்கும் பாடநெறிகளில் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்பது கணக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன, கண்டி இல்லை. ஹட்டன் நுவரெலியா மாவட்டம், பக்கத்து நாவலப்பிட்டி கண்டி மாவட்டம். அதனால் நாவலப்பிட்டி உறவுக்காரப் பிள்ளைக்குப் போன வருடம் என்ன கிடைத்தது என்பதை வைத்து தங்கையின் இடத்தைக் கணிக்க வேண்டாம். பதுளை என்றதும் ஒன்று: அங்கே 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பொறியியலுக்கானது இல்லைதான், ஆனாலும் அதே வளாகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் முகாமைத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. நான் சொன்ன கதவை அங்கேயும் தட்டிப் பார்க்கலாம்.

தனியார் நிறுவனம் என்றால் ஒரு எச்சரிக்கை. பட்டம் வழங்கும் அங்கீகாரம் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் குறிப்பிட்ட பட்டங்களுக்கு என்று கொடுக்கப்படுவது. நிறுவனத்தின் பொறியியல் பட்டம் அங்கீகரிக்கப்பட்டது என்பதால் அதன் வணிகப் பட்டமும் அப்படியே என்று நினைத்துக்கொள்ள முடியாது. அந்தப் பட்டத்தின் பெயரைச் சொல்லியே விசாரியுங்கள். மூன்று வருடமா நான்கா என்பதையும் பாருங்கள்: நம் தகைமைக் கட்டமைப்பில் மூன்று வருடப் பொதுப்பட்டம் ஐந்தாம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப்பட்டம் ஆறாம் மட்டம். பணத்துக்கு, தனியார் பட்டங்களுக்கான அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம் 2017 முதல் இருக்கிறது. அவள் விரும்பும் பட்டம் அதில் வருகிறதா என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்க்க வேண்டும். அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான இந்தியப் புலமைப்பரிசில் ஒன்று கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக வருகிறது, அதையும் விசாரியுங்கள்.

மற்றபடி, விருந்தாளி என்ற பேச்சுக்கு. கன்டீனில் "நீங்கள் கதை சொல்லும் பிரிவுதானே" என்று இரண்டு மூன்று பையன்கள் கேலி செய்யத்தான் செய்வார்கள். மின்பட்டியலைக் கொண்டுவந்த அந்தத் தலவாக்கலைப் பிள்ளையிடமும் முதல் வருடத்தில் அப்படித்தான் கேட்டார்கள். மூன்றாம் வருடத்தில் தங்கள் அறிக்கையின் செலவுப் பக்கத்தைப் பார்த்துத் தரச்சொல்லி அவளைத் தேடி வந்ததும் அவர்கள்தான்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. வணிகத் துறை அலுவலகத்துக்கு எடுத்து, நடப்பு மூன்றாம் வருட நேரசூசியைக் கேட்க வேண்டும். நீங்கள் பேசாதீர்கள், தங்கையே பேசட்டும். தமிழில் தொடங்கினாலும் பரவாயில்லை. முதல் வருடத்து அறிமுக விரிவுரைகளைக் கணக்கில் எடுக்காமல், பொறியியல் மாணவரோடு சேர்ந்து உட்காரும் மணித்தியாலங்கள் எத்தனை என்று அவள் பென்சிலால் வட்டம் போட்டுப் பார்க்கட்டும். அந்தத் தாள் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பழக்கதோஷம், வியாழக்கிழமைப் பிற்பகலைத்தான் முதலில் பார்ப்பேன்.